நண்பர்களின் சம்பளத்தோடு என் சம்பளத்தை ஒப்பிட்டு நொந்துபோகிறேன். இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது?

விட வேண்டாம் என்றுதான் சொல்வேன். யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பக்கத்துச் செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலை ஒன்றில் லேப் உதவியாளர். எண்ணெயில் அமிலம், ஈரம், அழுக்கு எவ்வளவு என்று சோதித்து எழுதுவது என் வேலை. அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குபவர் விலையைக் குறைப்பார், அதனால் பொறுப்பான வேலைதான். 2016 கடைசியில் மாதம் 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) சேர்ந்தேன். தீபகற்ப மலேசியாவில் அப்போது குறைந்தபட்சச் சம்பளமே அதுதான்.

தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தி ஜொகூர் பாருவில் தங்கி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். 2,200 டாலர் சம்பளம். அப்போது நம் காசுக்கு ஏழாயிரம் வெள்ளிக்கு மேல். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒரு தீபாவளிக்கு வந்தவள் முழுக் கணக்கையும் சொன்னாள். விடியற்காலை நாலரைக்கு மோட்டாரில் கிளம்ப வேண்டும். வாடகை தனி. அவள் அந்த நாட்டுப் பிரஜையோ நிரந்தரவாசியோ இல்லை என்பதால் முதலாளி சேமநிதிக்கு ஒரு காசும் போடுவதில்லை. இங்கே என் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடித்தால் முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். இதையெல்லாம் கழித்தாலும் அவள் கையில்தான் மிச்சம் அதிகம், உண்மைதான். ஆனால் அவள் சம்பளத்தைக் காட்டி என் மேனேஜரிடம் நான் எதைக் கேட்க முடியும்?

எனக்குப் பயன்பட்ட ஒப்பீடு 2025-இல்தான் கிடைத்தது. அந்தப் பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500-இலிருந்து 1,700 ஆனது. லேபில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு 1,700. எட்டு வருடம் தாண்டிய எனக்கு 1,950. குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தச் சொல்லும் சட்டம், அதற்கு மேலே இருப்பவர்களையும் சேர்த்து உயர்த்தச் சொல்வதில்லை. 450 வெள்ளி இடைவெளி ஒரே மாதத்தில் 250 ஆகிவிட்டது. மனசு கேட்காமல், எனக்கு ஒரு வருடம் கழித்துச் சேர்ந்து அடுத்த ஷிப்டில் இதே வேலையைச் செய்யும் அண்ணனிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். அடிப்படைச் சம்பளம் 2,350.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னபோது, கூட வேலை செய்பவரின் சம்பளம் இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் இருந்ததைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். நிறுவைக்கு வாளியைத் தூக்கினால் தோட்டத்துக் கணக்கரான கிராணி எடையைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார். யாருக்கு எத்தனை கிலோ என்பது வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கூலி, சங்கம் பேசி முடித்த கூலி. குறைத்து எழுதினால் அங்கேயே நாலு பேர் கேட்பார்களாம். “என்ன கொடுக்குறாங்கன்னே தெரியாம எப்படிம்மா போய்க் கேப்ப?” என்றார்.

சரி, நான் கேட்டேன். ஒரே ஒரு தாளில் சேர்ந்த வருடம், செய்யும் சோதனைகள், ஆள் இல்லாத நாட்களில் இரண்டு ஷிப்ட் பார்த்த தேதிகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். அண்ணன் பெயரை எடுக்கவில்லை, நீங்களும் யாரையும் காட்டிக்கொடுக்காதீர்கள். இரண்டு மாதம் இழுத்து 2,300 ஆக்கினார்கள். சேமநிதிக்கு இப்போது மாதம் என் பங்கு 253, முதலாளி பங்கு 299. அந்த 50 வெள்ளியை நான் இன்னும் விடவில்லை.

நீங்கள் ஒப்பிடும்போது அடிப்படைச் சம்பளத்தை அடிப்படைச் சம்பளத்தோடு மட்டும் வையுங்கள். ஓவர்டைம், ஷிப்ட் அலவன்ஸ், தோட்டத்து வீடு எல்லாவற்றையும் தனியாக எழுதுங்கள். பலர் ஓவர்டைமையும் சேர்த்துத்தான் சம்பளம் சொல்வார்கள், அதைக் கேட்டுத்தான் நாம் நொந்துபோகிறோம். வேலையிடத்தில் பாகுபாடு என்று உறுதியாகத் தெரிந்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். 2023 ஜனவரியிலிருந்து அதை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

போன வாரம் அந்தப் புதுப் பெண், “அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு எவ்வளவு?” என்று மெதுவாகக் கேட்டாள். சம்பளச் சீட்டையே எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.