மெல்பர்னில் பழைய கார் வாங்கும்போது கூடுதல் வாரண்டி வேண்டுமா?

தம்பி, டாண்டினாங்கில் ஒரு டீலரிடம் 2018ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா பார்த்திருப்பதாகவும், 90,000 கிலோமீட்டர் ஓடியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மூன்று ஆண்டுக் கூடுதல் வாரண்டிக்கு 2,200 டாலர் கேட்கிறார்கள், சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சனிக்கிழமை அந்த மேசைக்கு முன்னால் நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவை கைகொடுக்க வேண்டும்.

பணம் எதுவும் கொடுக்காமலேயே உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பைப் பற்றி டீலர் வாய் திறந்திருக்க மாட்டார். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் உரிமம் பெற்ற டீலரிடம் வாங்கும் கார் பத்து ஆண்டுக்கு மேற்படாததாகவும் 1,60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாததாகவும் இருந்தால், மூன்று மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர், இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை சட்டமே வாரண்டி தருகிறது. உங்கள் கொரோலா அதற்குள் வருகிறது. டயர், பேட்டரி போன்றவை அதில் சேராது.

அதற்கும் மேலே ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் இருக்கிறது. காரின் வயது, ஓடிய தூரம், நீங்கள் கொடுத்த விலை இவற்றுக்கு ஏற்ற தரம் காரில் இருந்தாக வேண்டும் என்கிறது அது. இந்த உரிமை மூன்று மாதத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதற்காக எட்டு வயதுக் காரில் இயல்பாகத் தேயும் பாகத்துக்கெல்லாம் டீலரைக் கேட்க முடியாது. ஆனால் வாங்கிய ஆறாம் மாதமே கியர்பாக்ஸ் போய்விட்டால், "உங்கள் மூன்று மாதம் முடிந்துவிட்டது" என்று அவர் சொல்வது கடைசி வார்த்தை அல்ல. மாநில அரசின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவிடம் ஆலோசனை கேட்கலாம், அதிலும் தீரவில்லை என்றால் இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் வீகேட் (VCAT) என்ற மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இந்தச் சட்டம் வெறும் காகிதம் இல்லை. கியர்பாக்ஸ் உதறுகிறது என்று புகார் சொன்ன வாடிக்கையாளர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது உள்ளிட்ட நடத்தைக்காக, 2018இல் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு கோடி டாலர் அபராதம் விதித்தது.

ஆகவே டீலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: சட்டம் ஏற்கெனவே தருவதற்கு மேல் இந்த 2,200 டாலர் எனக்கு என்ன தருகிறது?

பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். ஒப்பந்தத்தின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும். அது 1,500 டாலர் என்றால், பல ஆயிரம் ஆகும் கியர்பாக்ஸ் செலவில் மீதி உங்கள் தலையில்தான். பிரேக் பேட், கிளட்ச் போன்று தேயும் பாகங்கள் சேராது. பழுது பார்க்கும் முன் அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். குறிப்பிட்ட மாதத்துக்குள் அல்லது கிலோமீட்டருக்குள் சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு வாட்டர் பம்ப் போனபோது, முந்தைய சர்வீஸ் சில வாரம் தள்ளிப்போனதைக் காட்டிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். அவர் அதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

வார இறுதியில் ஊபர் ஓட்டும் எண்ணமோ, உணவு டெலிவரி செய்யும் எண்ணமோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வாடகைக்கு ஓட்டிய காருக்கு வாரண்டி செல்லாது என்ற வரி பல ஒப்பந்தங்களில் உண்டு.

"ஒரு நாளைக்கு இரண்டே டாலர்தான்" என்று சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தொகையைக் கார் கடனோடு சேர்த்துவிட்டால், 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு கட்டும்போது 2,200 என்பது ஏறக்குறைய 2,800 ஆகிவிடும். வாரண்டி மூன்றாம் ஆண்டில் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டு அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அந்தப் பணத்தில் சில நூறு டாலரை எடுத்து, டீலரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை வைத்துக் காரை முழுமையாகச் சோதியுங்கள். ரோட்வொர்த்தி சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பிரேக், டயர், விளக்கு போன்ற பாதுகாப்பு அம்சங்களைத்தான் அது பார்க்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்று அது சொல்லாது. அரசின் பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் இரண்டு டாலர் கட்டித் தேடினால் காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் கழித்துக் கட்டப்பட்டதா என்று தெரியும். சர்வீஸ் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். மீதிப் பணத்தைக் காருக்கென்றே தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். பழுது வராவிட்டால் அது உங்களுடையது.

எல்லா வாரண்டியும் வீண் என்று நான் சொல்லவில்லை. கார் உற்பத்தியாளர் தந்த வாரண்டியில் மீதம் இருக்கும் கார் கிடைத்தால், அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். கியா 2014 முதல் ஏழு ஆண்டு தருகிறது, டொயோட்டா 2019 முதல் ஐந்து ஆண்டு. உங்கள் கொரோலா அதற்கு முந்தையது.

சனிக்கிழமை போகும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். விக்டோரியாவில் டீலரிடம் கையெழுத்திட்ட பிறகு மூன்று முழு வேலை நாளுக்குள் மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். டீலர் 100 டாலரையோ விலையில் ஒரு சதவீதத்தையோ, எது அதிகமோ அதைப் பிடித்துக்கொள்வார். ஆனால் அதற்குள் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த உரிமை போய்விடும். "இன்றே எடுத்துப் போங்கள்" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வாரண்டி ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.