டி.சி. தர மறுக்கிறார்கள், பணம் கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: என் மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் 7-ஆம் வகுப்பு படிக்கிறாள். வேலை மாறி வேறு மாவட்டத்துக்குக் குடிபோகிறோம். ‘வருஷ நடுவில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கிடையாது’ என்கிறார் தலைமை ஆசிரியர். தெரிந்த ஒருவர், ‘8,000 ரூபாய் கொடுங்கள், எமிஸ் என்ற அரசு மாணவர் பதிவுத் தளத்தில் இருந்து எடுத்து, ஆர்.டி.இ.யில் மெட்ரிக் பள்ளியில் சீட்டும் வாங்கித் தருகிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) வழியாகத் தனியார் பள்ளியில் கட்டணமின்றிச் சேரும் 25 சதவீத சேர்க்கை எல்.கே.ஜி. அல்லது 1-ஆம் வகுப்பு மாதிரியான நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். 7-ஆம் வகுப்பில் அப்படி ஒரு சீட்டே கிடையாது. இல்லாத சீட்டுக்கு விலை பேசுகிறவர் நாளைக்குப் போலி டி.சி.யையும் நீட்டுவார். அது இன்று செல்லுபடியானதுபோலத் தெரியும். பல வருஷம் கழித்து உண்மைத்தன்மைச் சான்று கேட்கும்போது உங்கள் பெண்தான் பதில் சொல்ல வேண்டும்.

எமிஸில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய பள்ளி தன் லாகினில் மாணவியை ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். புதிய பள்ளி அங்கிருந்து எமிஸ் எண்ணை வைத்து எடுத்துக்கொள்ளும். சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்துக்குத்தான் பெற்றோரை நாலு முறை நடக்கவிடுகிறார்கள். காரணம் உங்கள் பெண் இல்லை, தலைக்கணக்கு. மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிப்பதால், ஒரு பிள்ளை போனாலும் தலைமை ஆசிரியருக்குப் பதற்றம். அவர் கவலை புரிகிறது. அதற்காகப் பிள்ளையைப் பிடித்து வைக்கக் கூடாது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 என்ன சொல்கிறது? டி.சி.யை உடனே தர வேண்டும். தாமதித்தால் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகப் புதிய ஊர் அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. எனவே முதலில் போய்ச் சேர்த்துவிடுங்கள்.

டி.சி.க்கு வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதுங்கள்: பெயர், வகுப்பு, எமிஸ் எண், குடிபோகும் ஊர். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறம் வட்டாரக் கல்வி அலுவலர்; அங்கேயும் நகராவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்.

தனியார் பள்ளி எண்ணம் இருந்தால் மட்டும் நன்றாக யோசியுங்கள். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக வந்த 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ‘8 வரை தனியார், 9-இல் அரசுக்குத் திரும்பலாம், அதற்கும் சலுகை உண்டு’ என்று யாராவது சொல்வார்கள். உண்டு, ஆனால் ஆர்.டி.இ. 25 சதவீதத்தில் தனியாரில் 8 வரை படித்த பிள்ளைக்கு. கட்டணம் கட்டிப் படித்த பிள்ளைக்கு அல்ல. உங்கள் மகள் இனி ஆர்.டி.இ.யில் நுழைய முடியாது என்று பார்த்தோம் அல்லவா? ஆக, தனியாரில் ஒரே ஒரு வருஷம் படித்தாலும் இது கையைவிட்டுப் போகும். அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் வராது. பெயரில் ‘அரசு’ இருக்கிறதே என்று ஏமாந்த பெற்றோர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்போது 12-ஆம் வகுப்பு முடிந்திருந்தது.

டி.சி. கைக்கு வந்ததும் பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் படித்துப் பாருங்கள். பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழோடு பொருந்த வேண்டும். பிறந்த தேதி எண்ணில் 12, எழுத்தில் ‘இரண்டு’ என்று இருந்த ஒரு டி.சி.யைப் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்த அந்தக் குடும்பம் பழைய ஊருக்கு மூன்று முறை பஸ் ஏறியது.