மனோரா யாருக்காக?

கேள்வி: மல்லிப்பட்டினம் கடற்கரையில் இருக்கும் மனோரா கோபுரம், ஆங்கிலேயர் நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டப்பட்டதாமே? தஞ்சாவூர் மன்னருக்கும் நெப்போலியனுக்கும் அப்படி என்ன பகை?
- ஒரு வாசகர், பேராவூரணி

பதில்: பகையெல்லாம் ஒன்றுமில்லை. 1799-லேயே ஆட்சியை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் கொடுத்துவிட்டு, தஞ்சைக் கோட்டையை மட்டும் வைத்துக்கொண்டவர், மனோராவைக் கட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. கம்பெனியின் எதிரி தனக்கும் எதிரி என்று காட்டிக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு. மனோராவின் கல்வெட்டிலும் தன்னை ஆங்கில அரசின் நண்பர் என்றே சொல்லிக்கொள்கிறார், அதுவும் ஐந்து மொழிகளில்! (யாராவது படிக்காமல் விட்டுவிட்டால்?)

வாட்டர்லூ என்பதுதான் பொருந்தவில்லை. அந்தப் போர் நடந்தது 1815 ஜூனில். கல்வெட்டில் இருப்பதோ 1814. அந்த ஏப்ரலில்தான் நெப்போலியன் முதல் தடவை முடிதுறந்து எல்பா தீவுக்குப் போனார். அப்புறம் அவர் திரும்பி வந்ததெல்லாம் கல்வெட்டுக்குத் தெரியாது.

அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, சுமார் 75 அடி உயரம், சுற்றிலும் மதிலும் அகழியும். வெறும் நினைவுச்சின்னத்துக்கு அகழி எதற்கு என்று எனக்கும் தோன்றும். கடலைப் பார்த்துக் காவல் காக்க வசதியான இடம்தான். ஆனால் இங்கிருந்து யாரும் பிரெஞ்சுக் கப்பலோடு மோதியதாக நான் எங்கும் படித்ததில்லை. 2004 சுனாமியில்தான் இது நிஜமாகவே அடிபட்டது.