மருந்துக்குக் கேட்காத வெண்படலம்

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அதற்கான ஏ.ஆர்.டி. மருந்து எடுக்கிறார். இப்போது டி.பி.க்கும் மருந்து நடக்கிறது. வாயில் பூஞ்சையால் வெண்படலம் வந்ததால் ஃப்ளூகோனசோல் 100 மி.கி. தினமும் இரண்டு வாரம் சாப்பிட்டார், போகவில்லை. பல்செட் அணிபவர். பூஞ்சைக்கு மருந்து பழகிவிட்டதா?

பதில்: பழகியிருக்கலாம். ஆனால் முதலில் டி.பி. மாத்திரையைத்தான் சந்தேகிப்போம். அதிலுள்ள ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு ஃப்ளூகோனசோலின் அளவை ஏறக்குறைய கால் பங்கு குறைத்துவிடும். டாக்டர் 200 மி.கி. ஆக்கினால் இதைச் சமாளிக்கலாம். நீங்களாகக் கூட்ட வேண்டாம். பூஞ்சைக்கான இன்னொரு மருந்தான இட்ராகோனசோலைக் கேட்கவும் வேண்டாம், ரிஃபாம்பிசின் இருக்கும்போது அது இரத்தத்தில் நிற்கவே நிற்காது. அவர் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவரானால், டி.பி. மருந்து முடிந்து இரண்டு வாரம் வரை 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. தேவை. அது விடுபட்டிருக்கிறதா என்று ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். வைரஸ் அடங்காமல் பூஞ்சை மட்டும் அடங்காது.

அடுத்தது பல்செட். அக்ரிலிக்கில் படிந்த பூஞ்சைப் படலத்துக்குள் மாத்திரை எட்டாது. இரவில் கழற்றி, பிரஷால் தேய்த்து, 0.2 சதவீத குளோர்ஹெக்சிடினில் ஊறவைத்து, காலையில் நன்றாகக் கழுவி மாட்டச் சொல்லுங்கள். நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துத் திரவமும் கொடுத்திருந்தால் அதையும் குளோர்ஹெக்சிடினையும் அடுத்தடுத்து வாயில் விடக்கூடாது, ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். நிஸ்டாட்டினை வாயில் நன்றாகச் சுழற்றி, முடிந்தவரை நேரம் வைத்திருந்து விழுங்க வேண்டும். உடனே துப்பினால் பயனில்லை.

இவையெல்லாம் சரிசெய்தும் படலம் நின்றால், அடுத்த மருந்து தொடங்குமுன் படலத்தைச் சுரண்டி கல்ச்சருக்கு (பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்லுங்கள். 'காண்டிடா வளர்ந்தது' என்பது மட்டும் போதாது, அந்தப் பூஞ்சை ஆரோக்கியமானவர் வாயிலும் இருக்கும். எந்த இனம், எம்.ஐ.சி. (பூஞ்சை வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு) எவ்வளவு என்பதுதான் வேண்டும். காண்டிடாவின் பொதுவான இனமான அல்பிகன்ஸில் ஃப்ளூகோனசோல் எம்.ஐ.சி. 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் மருந்து கேட்கும். 4 என்றால் டோஸைக் கூட்டினால் கேட்கலாம். 8-ம் அதற்கு மேலும் எதிர்ப்பு.

கேள்வி: கீமோதெரபியில் இருக்கும் அம்மாவின் ரிப்போர்ட்டில் 'காண்டிடா கிளாப்ராட்டா' என்று வந்திருக்கிறது. டோஸ் கூட்டினால் போதுமா?

பதில்: சில நேரம் போதும், எம்.ஐ.சி. 32 வரை கூட்டிய டோஸில் முயலலாம். 64-ஐத் தொட்டால் ஃப்ளூகோனசோலை விட்டுவிடுவதே நல்லது. கிளாப்ராட்டா செல்லுக்குள் வரும் மருந்தைப் பம்பு போல வெளியே தள்ளுகிறது, அதே பம்பு அந்தக் குடும்பத்தின் மற்ற மருந்துகளையும் தள்ளக்கூடும். நிஸ்டாட்டின், ஆம்போடெரிசின் வேறு வழியில், செல் சவ்வையே தாக்குவதால் அவை பெரும்பாலும் வேலை செய்யும். 'குருசி' என்ற காண்டிடா இனம் வந்திருந்தால் டோஸ் பேச்சே இல்லை. ஃப்ளூகோனசோலை அது பிறவியிலேயே மதிக்காது. புதிய ரிப்போர்ட்களில் இவை 'நாகசியோமைசிஸ் கிளாப்ராட்டஸ்', 'பிச்சியா குட்ரியாவ்செவி' என்று வரலாம், வேறு நோய் என்று பயப்படாதீர்கள்.

விழுங்கும்போது நெஞ்சுக்குப் பின்னால் வலித்தால் தொற்று உணவுக்குழாய்க்குப் போயிருக்கலாம். வாயில் தடவும் மருந்து அங்கே எட்டாது, அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.