அம்மாவுக்கு டிமென்ஷியா, கிரீன் கார்டு வந்து மூணே வருஷம்: எங்க வெச்சுப் பாத்துக்கறது, எவ்ளோ ஆகும்?

எடிசன், நியூ ஜெர்சில இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு 74 வயசு, அப்பா தவறினதும் கும்பகோணத்துல இருந்து கூட்டிட்டு வந்துட்டாங்க, கிரீன் கார்டு கிடைச்சு மூணு வருஷம் ஆச்சு. போன வருஷம் அல்சைமர்னு, அதாவது ஞாபகம் போற டிமென்ஷியா வியாதில ஒரு வகைன்னு, டாக்டர் சொல்லிட்டாரு. இவங்களும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறவங்க. போன மாசம் அம்மா அடுப்ப ஆன் பண்ணிட்டு மறந்துட்டாங்க, இன்னொரு நாள் செருப்பு கூட இல்லாம தெருமுனை வரைக்கும் போயிட்டாங்க. "ஹோம்ல சேத்தா மெடிகேர் குடுக்குமா, எவ்ளோ ஆகும், இல்ல பேசாம ஊருக்கே அனுப்பிடலாமா?"ன்னு கேக்கறாங்க.

மெடிகேர், அதாவது 65 தாண்டினவங்களுக்கான அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ், இதுக்குக் குடுக்காது. உங்க அம்மாவுக்கு இன்னும் மெடிகேரே கிடையாதுங்கறது ஒரு பக்கம், அது இருந்தாலும் குளிப்பாட்டி விடறது, சாப்பாடு ஊட்டறது, வெளிய போயிடாம பாத்துக்கறது இதுக்கெல்லாம் அதுல காசு வராது. ஆஸ்பத்திரில மூணு நாள் இன்பேஷண்ட்டா இருந்துட்டு, அதுக்கப்புறம் நர்ஸோ தெரபியோ தேவைப்பட்டு நர்சிங் ஹோமுக்கு (நம்மூர் சின்ன ஆஸ்பத்திரி இல்ல, நர்ஸுங்க இருக்கற பராமரிப்பு இல்லம்) போனா மட்டும் 100 நாள் வரைக்கும் பாக்கும், அதுலயும் முதல் 20 நாள்தான் முழுசா, அப்புறம் 2025 கணக்குப்படி ஒரு நாளைக்கு 209.50 டாலர் நம்ம கைல இருந்து. எங்கிட்ட வர்ற பத்துக் குடும்பத்துல எட்டு, மெடிகேர் பாத்துக்கும்னு நம்பித்தான் வர்றாங்க.

டிமென்ஷியால பெரிய செலவு மருந்து இல்ல, ஞாபக மறதிக்குக் குடுக்கற டோனெபெசில் ஜெனரிக்ல சல்லிசாவே கிடைக்குது. நீங்க காசு குடுத்து வாங்கறது இன்னொருத்தரோட கண்ண, அதுவும் மணிக்கணக்குல. அதனால எந்த ஹோம்னு தேடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நோட்டு போட்டு எழுதுங்க, அம்மாவ எந்தெந்த நேரம் தனியா விட முடியல, ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கறாங்க, பாத்ரூமுக்குத் தானா போறாங்களா இல்ல ஞாபகப்படுத்தணுமா இல்ல கூடவே நிக்கணுமான்னு. அந்த நோட்டுதான் உங்க பட்ஜெட்.

இப்ப ரேட்டுக்கு வருவோம். 2024ல ஜென்வொர்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதோட கேர்ஸ்கவுட்டும் எடுத்த சர்வேல நாடு முழுக்க நடுத்தர ரேட்னு பாத்தா, பகல்ல மட்டும் பெரியவங்கள விட்டுட்டு வர்ற அடல்ட் டே கேர் ஒரு நாளைக்கு 100 டாலர், வாரம் அஞ்சு நாள்னா வருஷம் 26,000. வீட்டுக்கு வந்து பாத்துக்கற ஆளு, அதாவது ஹோம் ஹெல்த் எய்டுக்கு, வருஷம் 77,792. அசிஸ்டட் லிவிங், அதாவது அங்கயே தங்கி தினசரி வேலைக்கு உதவி கிடைக்கற இல்லம், 70,800. நர்சிங் ஹோம்ல ரெண்டு பேர் ரூம்னா 1,11,325, தனி ரூம்னா 1,27,750. நியூ ஜெர்சி இதவிட ஜாஸ்திதான், கொஞ்சம் கூட்டியே போட்டுக்கோங்க. மெமரி கேர்னு பூட்டு போட்ட தனி யூனிட் இருக்கும் பாருங்க, அது அசிஸ்டட் லிவிங் ரேட்டுக்கு மேல.

இதுல ஹோம் ஹெல்த் எய்டு கணக்கத்தான் எல்லாரும் தப்பாப் படிக்கறாங்க. அந்த 77,792 வாரத்துக்கு 44 மணி நேரத்துக்குத்தான், அதாவது மணிக்கு 34 டாலர். ஒரு வாரத்துல 168 மணி நேரம் இருக்கு, ராத்திரி பகலா ஆள் போட்டா வருஷம் கிட்டத்தட்ட மூணு லட்சம் டாலர் ஆயிடும். அப்ப என்ன அர்த்தம்னா வாரத்துக்கு 40 மணி நேரம் தாண்டி ஆள் தேவைப்பட ஆரம்பிச்சா அசிஸ்டட் லிவிங்தான் கம்மி ரேட்டு, ஆனா அங்க ஒருத்தர் கூடவே ஒக்காந்திருக்க மாட்டாங்க, பல பேருக்கு ஒரு எய்டு. "வீட்லயே வெச்சுக்கிட்டா செலவு கம்மி"ன்னு சொல்றது நீங்க தூங்காம முழிச்சிருக்கற மணிக்கு யாரும் பில் போடாததால வர்ற கணக்கு.

உங்க அம்மா இப்ப இருக்கற நிலைல நான் நேரா மெமரி கேருக்குப் போகச் சொல்ல மாட்டேன். பகல்ல அடல்ட் டே கேர், சாயங்காலம் நீங்க வர்ற வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரம் ஒரு எய்டு, அதுலயே ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஓட்டலாம்னு படுது. நீங்க இருக்கற எடிசன், இசலின் பக்கம் நம்மூர் ஆளுங்களுக்குன்னே டே கேர் நிறைய இருக்கு, வெஜிடேரியன் சாப்பாடு, பஜனை, வேன்ல வந்து கூட்டிட்டுப் போவாங்க. குஜராத்தி ஜாஸ்தி பேசுவாங்கதான், அதனால தமிழ் பேசற ஒருத்தராவது ஸ்டாஃப்ல இருக்காங்களான்னு கேட்டுக்கோங்க. மொழி விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. நான் பாத்த ஒரு பாட்டி ஊர்ல பேங்க்ல வேலை பாத்தவங்க, நல்லா இங்கிலீஷ் பேசினவங்க, வியாதி முத்த முத்த இங்கிலீஷ் போயி தமிழ் மட்டும் மிஞ்சிடுச்சு. குளிக்க வெக்கறப்ப கத்தறாங்க, முரண்டு பிடிக்கறாங்கன்னு சார்ட்ல எழுதி, அமைதியா இருக்க மாத்திரை குடுக்கற வரைக்கும் போயிடுச்சு. மக வந்து கேட்டா, பாட்டி சொன்னது "குளிருது"ன்னுதான். ஆன்டிசைகோடிக்னு சொல்ற அந்த மாதிரி மாத்திரைங்க மேல, டிமென்ஷியா வந்த வயசானவங்களுக்கு உயிராபத்த கூட்டும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005லயே எச்சரிக்கை போடச் சொல்லிடுச்சு, அதனால யாராவது எழுதிக் குடுத்தா எதுக்கு, எத்தன நாளைக்குன்னு கேக்காம வாங்காதீங்க. திடீர்னு ரெண்டு நாள்ல ரொம்ப மோசமானாங்கன்னா அது வியாதி முத்தினது இல்ல, பெரும்பாலும் யூரின் இன்ஃபெக்ஷனோ வேற எதாவதோ இருக்கும், மொதல்ல அதப் பாருங்க.

சாயங்காலம் ஆனா "வீட்டுக்குப் போகணும்"னு கெளம்பறாங்களா? இங்க டிசம்பர்ல நாலரைக்கே இருட்டிடுது, மூணரைக்கே எல்லா லைட்டும் போட்டுடுங்க, இதுதான் உங்க வீடுன்னு வாதாடாதீங்க, காபி குடிச்சிட்டுப் போலாம்மான்னு ஒக்கார வைங்க. வாசக்கதவுக்கு அலாரம், அடுப்புக்கு ஆட்டோ ஷட் ஆஃப், இது ரெண்டும் இந்த வாரமே.

அடுத்தது கிரீன் கார்டு கடிகாரம், உங்க கேஸ்ல காசு விஷயமே இதுலதான் மாட்டிட்டு இருக்கு. 65 தாண்டினவங்க அஞ்சு வருஷம் தொடர்ந்து இங்க இருந்தாத்தான் மெடிகேர வெலை குடுத்து வாங்கலாம், வேலை பாத்த கிரெடிட் இல்லாதவங்களுக்கு 2025ல பார்ட் ஏ (ஆஸ்பத்திரி செலவுக்கு) மாசம் 518, பார்ட் பி (டாக்டர் செலவுக்கு) 185 டாலர். அது வரைக்கும் மார்க்கெட்பிளேஸ்ங்கற அரசாங்க இன்ஷூரன்ஸ் சந்தைல வாங்கற பாலிசி, டிமென்ஷியா இருக்குன்னு சொல்லி அங்க மறுக்க முடியாது. இந்த மாதிரி பராமரிப்புச் செலவுக்குன்னு இருக்கற லாங் டேர்ம் கேர் இன்ஷூரன்ஸ்னு யாராவது விக்க வந்தா, டயக்னோசிஸ் ஆனப்புறம் அது கிடைக்காது, நேரத்த வீணாக்காதீங்க. அஞ்சு வருஷம் ஆயி மெடிகேர் ரெண்டு பார்ட்டும் வந்துட்டா கைட்னு (GUIDE) 2024 ஜூலைல ஆரம்பிச்ச ஒரு மெடிகேர் திட்டம் இருக்கு, ஒரிஜினல் மெடிகேர் (தனியார் கம்பெனி வழியா இல்லாம அரசாங்கமே நேரா நடத்தறது) வெச்சுக்கிட்டு வீட்ல இருக்கற டிமென்ஷியாக்காரங்களுக்கு, தகுதியப் பொறுத்து குடும்பத்துக்கு ஓய்வு குடுக்க வருஷம் 2,500 டாலர் வரைக்கும் எய்டுக்கோ டே கேருக்கோ குடுப்பாங்க.

நீண்ட காலத்துக்கு நிஜமாவே காசு குடுக்கறது மெடிகெய்ட்தான் (மெடிகேர் இல்ல, வருமானம், சொத்து கம்மியா இருக்கறவங்களுக்கான அரசாங்கத் திட்டம்), டே கேர், வீட்டு எய்டு, நர்சிங் ஹோம் எல்லாத்துக்கும். அதுக்கும் அஞ்சு வருஷம் காத்திருக்கணும், அம்மா பேர்ல 2,000 டாலருக்கு மேல சொத்து இருக்கக் கூடாது, கிரீன் கார்டுக்கு ஸ்பான்சரா கையெழுத்துப் போட்டது நீங்கதான்னா உங்க வருமானத்தையும் சேத்துப் பாக்க சட்டத்துல இடம் இருக்கு. அம்மா சிட்டிசன் ஆயிட்டா அந்த ஸ்பான்சர் கணக்கு விட்டுப் போயிடும். "ஞாபகமே இல்லாதவங்க எப்படி சிட்டிசன்ஷிப் டெஸ்ட் எழுதுவாங்க"ன்னு கேப்பீங்க, என்-648னு ஒரு ஃபார்ம், டாக்டர் சரியா எழுதிக் குடுத்து அவங்க ஏத்துக்கிட்டா இங்கிலீஷ், சிவிக்ஸ் ரெண்டுலயும் விலக்கு உண்டு. கும்பகோணம் வீடு அம்மா பேர்ல இருந்தா அத இப்ப அவசரமா அண்ணன் பேருக்கோ உங்க பேருக்கோ மாத்தி எழுதிடாதீங்க, சொத்த யாருக்காவது தூக்கிக் குடுத்தாங்களான்னு மெடிகெய்ட் அஞ்சு வருஷம் பின்னாடி போயி தோண்டும். எல்டர் லா வக்கீல், அதாவது வயசானவங்க விஷயம் மட்டும் பாக்கற வக்கீல் ஒருத்தருக்கு ஒரு தடவ ஃபீஸ் குடுக்கறது இந்த மொத்த கதைலயே உருப்படியான செலவு.

அந்த வக்கீல் கிட்டயே, அம்மா இன்னும் புரிஞ்சு கையெழுத்துப் போடற நிலைல இருக்கறப்பவே ஹெல்த்கேர் ப்ராக்ஸியும் (வைத்திய முடிவ அவங்க சார்பா எடுக்க) டியூரபிள் பவர் ஆஃப் அட்டர்னியும் (காசு, சொத்து விஷயத்த அவங்க சார்பா பாக்க) முடிச்சிடுங்க. இங்க எழுதற டியூரபிள் பவர் நினைவு போனப்புறமும் செல்லும், ஆனா ஊர் சொத்துக்கு எழுதற பவர் அப்படி இல்ல, இந்திய கான்ட்ராக்ட் சட்டம் 201ம் பிரிவுப்படி எழுதிக் குடுத்தவருக்கு சுயநினைவு தெளிவா இல்லாமப் போனா அதோட அது முடிஞ்சுது. பேங்க் அக்கவுண்ட், வாடகை, பென்ஷன் எதுவா இருந்தாலும் இப்பவே பேசி முடிவு பண்ணுங்க.

ஊருக்கு அனுப்பறது தப்பே இல்ல, தமிழ் பேசற ஆயாம்மா, தெரிஞ்ச தெரு, தெரிஞ்ச கோயில் மணி சத்தம், அம்மாவுக்கு அதுவே நல்லதா இருக்கலாம். ஆனா அங்க யாரு பொறுப்புன்னு ஒரு பேரு சொல்ல முடியணும், "சொந்தக்காரங்க இருக்காங்க"ன்னா அது பேரு இல்ல. இன்னொண்ணு, ஆறு மாசம் தாண்டி வெளிய இருந்தாலே அந்த அஞ்சு வருஷக் கணக்குல சிக்கல் வரும், ஒரு வருஷம் தாண்டினா கிரீன் கார்டுக்கே கேள்வி வரும். போயிட்டு சரிப்பட்டு வரலைன்னு திரும்பறவங்க மறுபடி எண்ண ஆரம்பிக்க வேண்டி வரலாம். அதனால சோதிச்சுப் பாக்கறதா இருந்தா ரெண்டு மூணு மாசம் நீங்களும் கூடப் போயி பாருங்க, நியூ ஜெர்சில ஃபேமிலி லீவ் இன்ஷூரன்ஸ்ல அப்பா அம்மா, மாமனார் மாமியார பாத்துக்க வருஷத்துக்கு 12 வாரம் வரைக்கும் சம்பளத்துல ஒரு பங்கு வரும், அத ஊர்ல இருந்து எடுக்க முடியுமான்னு மட்டும் ஹெச்ஆர் கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. வீட்டுக்காரரும் அவர் கணக்குல தனியா எடுக்கலாம், மாமியாருங்கறதால அவருக்கு இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.