கோவிட்டுக்குப் பிறகு சாதாரணச் சளி, இருமல்கூட வாரக்கணக்கில் நீடிப்பது ஏன்?

முதலில் ஒரு விஷயம்: இருமல் எப்போதுமே நாம் நினைப்பதைவிட நீளமானதுதான். ஒரு வாரத்தில் போய்விடும் என்று எதிர்பார்க்கிறோம். சராசரியாக அது சுமார் 18 நாள் நீடிப்பதாக 2013-இலேயே ஓர் ஆய்வு சொன்னது. வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாயின் உட்படலம் ஆறுவதற்கு நாளாகும். அதுவரை அங்குள்ள நரம்புகள் குளிர்காற்றுக்கும் பேச்சுக்கும்கூடச் சீண்டப்படும். மூன்று முதல் எட்டு வாரம் வரை இப்படி இருமுவது அபூர்வமல்ல. முன்பு இதை யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, இப்போது எண்ணுகிறோம். நானும்தான்.

ஆனால் எல்லாமே பிரமை என்று சொல்லமாட்டேன். ஊரடங்கில் மற்ற வைரஸ்களின் சுழற்சி நிஜமாகவே குலைந்தது. குழந்தைகளைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ் பருவம் தப்பி வந்தது. ஃப்ளூ காய்ச்சல் தரும் இன்ஃப்ளூயன்சா பி வைரஸின் யமகாட்டா வகையோ 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகத் தென்படவே இல்லை. இடைவெளியில் நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், வைரஸ்கள் திரும்பியதும் அடுத்தடுத்துப் படுத்தார்கள். ஒரு சளி ஆறுமுன் இன்னொன்று தொற்றினால், நமக்கு அது ஒரே நீண்ட நோயாகத்தான் தெரியும்.

நீண்டகால கோவிட் வேறு. தொற்றி மூன்று மாதமாகியும் சோர்வு, மூச்சுத்திணறல், மூளை மந்தம் போன்றவை இருந்து, குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு காரணமும் இல்லையென்றால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை அப்படி அழைக்கிறது.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால், காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய மருத்துவரைப் பாருங்கள். சளியில் ரத்தம், எடைக் குறைவு, மூச்சுத்திணறல் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.