முல்லைத்தீவுக் கரையில் தூண்டில் போட எந்தக் காற்று நல்லது?

நீங்கள் கேட்டது இது: வவுனியாவில் இருந்து சனிக்கிழமைகளில் முல்லைத்தீவுக் கரைக்குத் தூண்டிலோடு வருகிறேன். ஒரு நாள் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது, இன்னொரு நாள் கரையில் நிற்கவே முடியவில்லை. இரண்டு நாளும் தொலைபேசி காட்டிய காற்றின் வேகம் ஒன்றுதான். ஏன் இப்படி?

வேகத்தைப் பார்த்த நீங்கள் திசையைப் பார்க்கவில்லை. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகக் காற்று தென்மேற்கில் இருந்து வந்தால், அளம்பில் கரையில் அலை முழங்காலைத் தாண்டாது. அதே காற்று வடகிழக்கில் இருந்து இரண்டு நாள் விடாமல் வீசினால், தூண்டிலில் கட்டி வீசிய ஈயம் ஐந்து நிமிடத்தில் மணலோடு கரைக்கே திரும்பி வந்துவிடும்.

அலை பெரிதாவதற்குக் காற்றின் வேகம் மட்டும் போதாது. காற்று எவ்வளவு நேரம் வீசியது, எவ்வளவு தூரம் திறந்த தண்ணீருக்கு மேலால் ஓடி வந்தது என்பவையும் வேண்டும். முல்லைத்தீவில் இருந்து கொக்கிளாய் வரை கரை தென்கிழக்காகச் சரிந்து போகிறது. கடலைப் பார்த்து நின்றால் உங்கள் முகம் கிழக்கும் வடகிழக்குமாக இருக்கும். வடகிழக்கில் இருந்து வரும் வாடைக்காற்று வங்கக் கடலில் மறிப்பே இல்லாமல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடிவந்து நேராக அந்த முகத்தில் மோதுகிறது. தென்மேற்குக் காற்றான சோளகமோ மாங்குளம், ஒட்டுசுட்டான் காடுகளுக்கு மேலால் வந்து நம் கரையில்தான் முதன்முதலாகத் தண்ணீரைத் தொடுகிறது. அலை எழுப்ப அதற்குத் தூரமே கிடைப்பதில்லை. அது எழுப்பும் அலையெல்லாம் வெளியில், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில்.

என் மாமா பல வருடம் கரைவலை வளைத்தவர். விடியப்புறம் என்னைக் கடலைப் பார்த்து நிற்க வைத்து, "எந்தக் காதிலை இரையுது?" என்று கேட்பார். தலையை மெதுவாகத் திருப்ப வேண்டும். இரண்டு காதிலும் ஒரேயளவு இரைச்சல் கேட்கும்போது மூக்கு நீட்டும் பக்கம்தான் காற்று வரும் பக்கம். இப்போதும் கரையில் இறங்கியதும் நான் முதலில் செய்வது அதைத்தான். அவர் சொன்ன கணக்கும் இலேசானது. "முகத்திலை அடிச்சா வலை வளைக்கேலாது. பிடரியிலை அடிச்சா தெப்பத்திலை போகாதை." இடக்காதில் அடித்தால் அது வடக்குக் காற்று, தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் நூல், வலப்பக்கமாக, கொக்கிளாய் பக்கம் இழுபடும். வலக்காதில் அடித்தால் மறுபக்கம். இழுபடும் பக்கத்தில் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்பவரின் தூண்டிலோடு உங்கள் தங்கூசி சிக்குவதற்கு முன்னரே இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தொலைபேசியில் ஒரு குழப்பம் இருக்கிறது, பலர் அதில் தவறுகிறார்கள். வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கில் இருந்து வரும் காற்று. ஆனால் வரைபடத்தில் உள்ள அம்புக்குறி பெரும்பாலும் காற்று போகும் பக்கத்தைக் காட்டும். அம்பு கடலில் இருந்து தரையைக் குத்தினால் கரையில் அலை. தரையில் இருந்து கடலைக் குத்தினால் கரை அமைதி. வளிமண்டலவியல் திணைக்களம் நாளாந்தம் தரும் கடல் அறிவிப்பிலும் வேகத்துக்கு முன்னால் திசையை வாசியுங்கள்.

இனி மீன். கடல் அமைதியானால் மீன் படும் என்று நினைக்காதீர்கள். வாடை உரத்து அடிக்கும்போது தண்ணீர் கலங்கி, சாதாளை என்ற கடற்பாசியும் குப்பையும் தூண்டிலில் சுற்றும். அன்றைக்குப் போவது வீண். ஆனால் வாடை மூன்று நாள் அடித்துத் தளர்ந்த முதல் காலை இருக்கிறதே, அந்தக் காலைக்காக நான் வேலைக்கு விடுமுறை போட்டிருக்கிறேன். அலை மணலைக் கிண்டியதில் மட்டியும் சிறு நண்டும் புழுவும் வெளியே கிடக்கும். தண்ணீர் இன்னும் முழுதாகத் தெளியாமல் தேநீரில் பால் கொஞ்சம் கூடின நிறத்தில் இருக்கும். மீன் பயமில்லாமல் கரையை ஒட்டி வரும். கெளிறு, பாரை, திரளி எல்லாம் முப்பது அடிக்குள் நின்றதைக் கண்டிருக்கிறேன். தூரமாக வீசுகிறவர்கள் அன்றைக்கு மீனைத் தாண்டி வீசுகிறார்கள்.

சோளகக் காலத்தில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, நிலைமை நேர்மாறு. முதுகில் காற்றிருப்பதால் ஈயம் பறந்து போகும், சிறிய ஈயமே போதும். தண்ணீர் கண்ணாடி. அதனால்தான் வெயில் ஏறியதும் மீன் கரையை விட்டு விலகிவிடும். கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் சீலாவுக்கு அந்தத் தெளிவு பிடிக்கும். மற்றவற்றுக்கு விடியலும் மைம்மல் பொழுதும் (பொழுது சாய்ந்து இருட்டும் வேளை) தான் நேரம். கரைவலைக்காரருக்கு இது தொழில் காலம். மேற்குக் கரையில் கடல் அடிக்கும் அதே மாதங்களில் அங்கிருந்து தொழிலாளர் கொக்கிளாய், நாயாறு மீன்வாடிகளுக்கு (கரையோரக் கொட்டில்களுக்கு) வருவதும் இந்தக் காற்றின் கணக்கால்தான்.

அமைதி தெரியும் இந்தக் காலத்தில்தான் எனக்கு அதிக பயம். ஓர் ஓகஸ்ட் காலை, செம்மலையில் என்னோடு தூண்டில் போட்ட ஒரு பெடியன், கல்லில் மாட்டிய தூண்டிலை எடுக்க றெஜிபோம் (மிதக்கும் வெள்ளை நுரைப் பலகை) தெப்பத்தில் படுத்துக் கையால் வலித்துக்கொண்டு போனான். கரையில் இருந்து அறுபது எழுபது அடிதான். கரையில் மரங்கள் காற்றை மறித்ததால் எங்களுக்குத் தெரியவில்லை, அந்த நிழலைத் தாண்டியதும் சோளகம் அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் எங்களைப் பார்த்துத்தான் வலித்தான், ஆனால் தெப்பம் பின்பக்கமாகவே போனது. நாங்கள் கத்தினது காற்றோடு அவனுக்குக் கேட்டிருக்கும், அவன் கத்தினது எங்களுக்குக் கேட்கவில்லை. வலை வளைக்க நின்ற படகுதான் போய் ஏற்றி வந்தது. ஏறும்போது அவனால் விரல்களை மடக்க முடியவில்லை. தூண்டில் மாட்டினால் தங்கூசியை அறுத்துவிடுங்கள். காற்று பிடரியில் இருக்கும்போது எதிலும் மிதந்து போகாதீர்கள்.

பங்குனி, சித்திரையில் பெருங்காற்று ஓய்ந்திருக்கும்போது நாளுக்குள்ளேயே காற்று திரும்பும். இரவில் தரை குளிர்ந்து விடியும்வரை மெல்லிய காற்று கடலுக்குப் போகும். வெயில் ஏறி தரை சுட்டதும், பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு கடலில் இருந்து காற்று ஏறத் தொடங்கி பின்னேரம் உரக்கும். விடியப்புறம் வந்து பத்து மணிக்குப் போய்விட்டால் நல்ல கடல்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

காற்றே இல்லாமல் அலை மட்டும் கனத்து, இடைவெளி விட்டு விட்டு வந்தால் வெளியில் எங்கோ தாழமுக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அலை காற்றை முந்திக்கொண்டு வந்துவிடும். 2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது நினைவிருக்கும். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை இந்தக் கவனம் வேண்டும்.

மாரியில் களப்பு வாய் திறந்திருக்கும் இடங்கள், குறிப்பாக நாயாறு, ஆசை காட்டும். கொடுவா அங்கேதான் நிற்கும். ஆனால் வெள்ளம் வெளியே ஓடும்போது வாடை எதிரே அடித்தால், அலை குத்தென நிமிர்ந்து முறியும். வாயின் ஓரத்து மணல் காலடியிலேயே கரையும். தண்ணீரில் இறங்காமல், ஓட்டத்தில் இருந்து நன்றாக விலகி நின்று கலங்கல் நீரும் தெளிநீரும் சேரும் கோட்டுக்கு வீசுங்கள்.

வாடை மாதங்களில் முல்லைத்தீவு சரிவராவிட்டால், வவுனியாவில் இருந்து மன்னாரும் எட்டாத தூரமில்லை. மன்னார்த் தீவின் வடக்குக் கரை பாக்கு நீரிணைப் பக்கம், பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீற்றருக்கும் குறைவு. அதனால் வாடைக்குக் கட்டையான, நெருக்கமான அலை சட்டென்று எழும், காற்று நின்றால் சட்டென்று படுக்கும். நீங்கள் தெற்குக் கரைக்குப் போங்கள். அங்கே வாடை பிடரியில் அடிக்கும், தீவே உங்களுக்கு மறைப்பு, கடல் படுத்திருக்கும். தெப்பத்தில் மட்டும் ஏறாதீர்கள்.